ஒட்டுப்பலகைப் படகுத் தளங்களில் கண்ணாடியிழைப் பூச்சு

ஒட்டுப்பலகைப் படகுத் தளங்களில் கண்ணாடியிழைப் பூச்சு என்பது, பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையால் செய்த படகின் மேல்தளத்தின் மீது கண்ணாடியிழைத் துணியையோ மேட்டையோ விரித்து, ரெசினில் ஊறவைத்து இறுகச் செய்யும் முறையாகும். இது தளத்திற்குத் தேய்மானத்தைத் தாங்கும் தோலைத் தருகிறது. பலகைகளின் இணைப்புகளை மூடுகிறது. நீர் உட்புகுவதைத் தடுக்கிறது. ஆனால் பலகையின் எல்லாப் பக்கங்களும் மூடப்பட்டிருந்தால்தான் இப்பயன் கிடைக்கும். மேற்பக்கம் மட்டும் பூசப்பட்டு, விளிம்போ துளையோ திறந்திருந்தால், அதே பூச்சு உள்ளே புகுந்த நீரைச் சிறைப்படுத்தி மரத்தை அழுகச் செய்யும்.

மரம் அழுகுவதன் காரணம்

ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத் தகடுகளை, இழைத் திசை ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறு அடுக்கி ஒட்டியது. அறுத்த விளிம்பில் பாதித் தகடுகளின் இழைமுனைகள் வெளியே தெரியும். மரம் நீரை அதிகம் உறிஞ்சுவது இந்த முனைகள் வழியாகத்தான். மரத்தின் ஈரம் சுமார் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சை வளர்வதில்லை. மழைநீரும் மீன் கழுவும் நீரும் உள்ளே இறங்கி அந்த அளவைத் தாண்டினால், மேலே பளபளப்பான தளம் இருக்க, அடியில் மரம் மென்மையாகிவிடும். வலை இழுப்பவர் காலூன்றும் இடம் எச்சரிக்கையின்றி உள்வாங்கும் ஆபத்து இதனால் ஏற்படுகிறது.

தமிழகக் கடற்கரையில்

தென்கோடித் தமிழகத்திலும் தென் கேரளத்திலும் கட்டுமரத்துக்கும் குடைந்து செய்யும் வள்ளத்துக்கும் தேவையான பருத்த மரங்கள் அரிதாகி விலையும் ஏறியபோது, ஒட்டுப்பலகைப் படகுகள் மாற்றாக வந்தன. 1980-களில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்திலும் கேரளத்தின் அஞ்சுதெங்கிலும் இதற்கான படகுகட்டும் முயற்சிகள் நடந்தன. பலகைகளை வெட்டி, விளிம்போரம் துளையிட்டுத் தைத்து, தையலின் மேல் கண்ணாடியிழைப் பட்டையும் ரெசினும் இட்டு இறுகச் செய்யும் 'தைத்து ஒட்டும்' முறை அப்போது பயன்பட்டது. இங்கிலாந்தில் 1963-ல் வெளிவந்த 'மிரர்' என்னும் சிறு பாய்ப்படகு உலகெங்கும் பரப்பிய முறை இது. முட்டம் முயற்சியின் வெற்றிகளையும் இடர்களையும் பியர் ஜிலே 1985-ல் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்ற நூலில் பதிவு செய்தார். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தன் படகுத்துறைகளில் இவ்வகைப் படகுகளைத் தொடர்ந்து கட்டியது. வெளிப்பொருத்து இயந்திரங்கள் பரவியதும் இப்படகுகளின் தேவையைக் கூட்டியது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், சோழமண்டலக் கரையில் முழுக் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றிலும் தளத்துக்கும் இயந்திரம் பொருத்தும் பலகைக்கும் உள்ளே ஒட்டுப்பலகை வைத்து மூடுவது உண்டு. எனவே படகு 'ஃபைபர்' என்று அழைக்கப்பட்டாலும் மரத்தின் சிக்கல் அதைவிட்டு நீங்குவதில்லை.

பொருட்கள்

பலகை: கடல்வழிப் பயன்பாட்டுக்கான ஒட்டுப்பலகைக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 710. கொதிநீரில் 72 மணி நேரம் வைத்தும் பிரியாத பசை இதற்கு வேண்டும். பசை நீரைத் தாங்கும் என்பதால் மரமும் அழுகாது என்று பொருளல்ல.

கண்ணாடியிழை: துண்டிழை மேட் சதுர மீட்டருக்கு 300 அல்லது 450 கிராம் எடையில் கிடைக்கிறது. நெய்த துணி இதைவிட வலுவானது. குறைந்த ரெசினில் நனையும்.

ரெசின்: பாலியஸ்டர் விலை குறைந்தது; படகுத்துறைகளில் பரவலாகப் புழங்குவது. இறுகும்போது கூடுதலாகச் சுருங்குவதாலும் மரத்தை இறுகப் பற்றாததாலும், காலப்போக்கில் உரிந்துவர வாய்ப்புண்டு. எப்பாக்சி விலை கூடியது. மரத்தை மிக நன்றாகப் பற்றும். சாதாரணத் துண்டிழை மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பொருள் பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது. எப்பாக்சியில் அது கரையாது. ஆகவே எப்பாக்சியுடன் நெய்த துணியே ஏற்றது.

செய்முறை

முதலில் பலகையை அளவுக்கு வெட்டி, மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துத் தூசி நீக்க வேண்டும். பழைய பெயின்ட், எண்ணெய், மெழுகு எதுவும் எஞ்சக்கூடாது. கூர்மையான விளிம்பில் கண்ணாடியிழை மடங்காது. தூக்கிக்கொண்டு நின்று அடியில் காற்றறை உண்டாக்கும். எனவே வெளிவிளிம்புகளைக் குறைந்தது 6 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்ட வேண்டும். தளமும் பக்கச் சுவரும் சேரும் உள்மூலையில், ரெசினுடன் மரத்தூள் குழைத்த பட்டியை இட்டு வளைவாக்க வேண்டும்.

தளத்தைப் பொருத்துவதற்கு முன்பே பலகையின் அடிப்பக்கத்துக்கும் விளிம்புகளுக்கும் ரெசின் பூச வேண்டும். பொருத்திய பின் அவ்விடங்களுக்குத் தூரிகை எட்டாது. இழைமுனை குடித்து முடிக்கும்வரை விளிம்புகளுக்கு இரண்டு மூன்று முறை பூச வேண்டும்.

அடுத்து மேற்பரப்புக்கு மெல்லிய முதற்பூச்சு. அது சற்று ஒட்டும் பதத்தில் இருக்கும்போது மேட் அல்லது துணியை விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக ரெசினைப் பரப்ப வேண்டும். வெள்ளை இழை கண்ணாடிபோல் தெளிவாகும்போது நனைந்துவிட்டது என்று பொருள். வரியுருளையால் உருட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். ஒரு துண்டின் மேல் அடுத்த துண்டு சுமார் 5 சென்டிமீட்டர் ஏறி நிற்க வேண்டும்; பக்கச் சுவரிலும் அதேபோல் ஏற்றிவிட வேண்டும்.

எட்டுக்கு நான்கு அடிப் பலகை சுமார் 3 சதுர மீட்டர். 450 கிராம் மேட் ஓரடுக்குக்கு ஏறத்தாழ 1.35 கிலோ மேட் வேண்டும். மேட்டுக்கு அதன் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் தேவை என்பதால், அடுக்குக்கு 2.7 முதல் 3.4 கிலோ வரை ஆகும். கூடுதல் ரெசின் வலுவைக் கூட்டாது; எடையைக் கூட்டி, எளிதில் விரிசல் விடும். பாலியஸ்டருக்கு வினையூக்கி எடையில் 1 முதல் 2 விழுக்காடு, அதாவது கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். எப்பாக்சியில் ஹார்ட்னரின் அளவை விருப்பம்போல் மாற்றக்கூடாது. தயாரிப்பாளர் தந்த விகிதமே சரி.

பாலியஸ்டரின் மேற்பரப்பு காற்றுபட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும். கடைசிப் பூச்சில் மெழுகு கலந்தால் இறுகும். எப்பாக்சியின் மேல் சில வேளை மெழுகுபோன்ற படலம் எழும். அதைத் தண்ணீரால் கழுவி, தேய்த்த பிறகே அடுத்த பூச்சு இட வேண்டும். வெயில் எப்பாக்சியைச் சிதைப்பதால் மேலே பெயின்ட் கட்டாயம். வழுக்காமலிருக்க, கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது கழுவிக் காயவைத்த மணலைத் தூவுவது எளிய வழி.

போல்ட்டுத் துளைகள் தனிக் கவனம் கோருபவை. தேவையைவிடப் பெரிதாகத் துளையிட்டு, பட்டி கலந்த எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பின் சரியான அளவில் மீண்டும் துளைத்தால், போல்ட்டைச் சுற்றி மரம் வெளிப்படாது.

காவிரிப் படுகையின் காலநிலை

கொள்ளிடத்தின் தென்புறம் உள்ள திருப்பனந்தாள், அதற்கு அருகே 1836-ல் கட்டப்பட்ட கீழணை அமைந்த அணைக்கரை, ஆறு கடலில் சேரும் பழையாறு என இப்பகுதி முழுவதும் ஆறும் வாய்க்காலும் வயலும் சூழ்ந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் மிகுதி. அப்போது வெளியில் கிடக்கும் பலகை காய்வது கடினம். அதன் மேல் பூசினால் ஈரமும் உள்ளே அடைபடும். பூசும் பலகையின் ஈரம் 12 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் உள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் பழுதுபார்க்கப்படும் காலமுமாகும். காய்ந்த கோடை இப்பணிக்கு உகந்தது. ஆனால் வெப்பத்தில் ரெசின் விரைந்து இறுகுவதால், சிறு அளவில் கலக்க வேண்டும். காலை வெயிலில் பலகை சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழிடும். வெப்பம் தணியத் தொடங்கும் பிற்பகலில், கூரைக்கு அடியில் முதற்பூச்சு இடுவது இதைத் தவிர்க்கும். கூரை இரவுப் பனியையும் தடுக்கும்.

பழுதும் சீரமைப்பும்

தளத்தைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென ஒலிக்கும். பூச்சு உரிந்த இடமும் அழுகிய இடமும் மந்தமாக ஒலிக்கும். அத்தகைய இடத்தின் மேல் இன்னோர் அடுக்கு மேட் ஒட்டுவது பழுதை மறைக்குமே தவிர நிறுத்தாது. பூச்சை வெட்டித் திறந்து, அழுகிய மரத்தை முழுதும் நீக்கி, சுற்றியுள்ள மரத்தைக் காயவிட்டு, புதுப் பலகை பொருத்த வேண்டும். பழைய பூச்சின் ஓரத்தை அதன் தடிமனைப்போல் சுமார் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்த பின்பே புதிய அடுக்கு இட வேண்டும். நீர் புகுந்த வழியைக் கண்டு அடைக்காவிட்டால் பழுது மீண்டும் வரும்.

பாதுகாப்பு

பாலியஸ்டருக்கான வினையூக்கியான மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு, கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கக்கூடியது. அதைக் கோபால்ட் முடுக்கியுடன் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதும் கலக்கிய பின்பே மற்றதைச் சேர்க்க வேண்டும். மிஞ்சிய ரெசினை வாளியில் மொத்தமாக விட்டால் சூடேறிப் புகைந்து தீப்பற்றலாம். ஸ்டைரீனைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு மிகுந்த பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. எப்பாக்சி தொடர்ந்து தோலில் பட்டால் வாழ்நாள் ஒவ்வாமை ஏற்படலாம். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி, ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடி ஆகியவை பூசும்போது தேவை. தேய்க்கும்போது தூசிக்கான முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது போதாது.