வானத்தில் பெயர் சூட்டு விழா!

குமரி மாவட்டத்தில், கடலோரத்தில் இருக்கிறது மண்டைக்காடு. அங்கே பகவதி அம்மன் கோவில் இருக்கிறது. 15 அடி உயரப் புற்றுதான் அம்மன்! மாசி மாதம் 10 நாள் கொடை விழா நடக்கும். கேரளத்திலிருந்தும் பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு வருவார்கள். தலைவலி தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் "மண்டையப்பம்" செய்து படைப்பார்கள்.

அந்த ஊருக்கு மண்டைக்காடு என்று பெயர் வந்தது எப்படி?

அந்தக் காலத்தில் அது காடு. ஆடும் மாடும் மந்தை மந்தையாக மேய்ந்தன. அதனால் "மந்தைக்காடு" என்றார்கள். அது மக்கள் வாயில் புரண்டு புரண்டு மண்டைக்காடு ஆகிவிட்டது என்று சொல்கிறார்கள்.

அதற்காக யாரும் மனுப் போடவில்லை. எந்தச் சங்கமும் கூடித் தீர்மானம் நிறைவேற்றவில்லை. மேய்க்கப் போனவர்கள் சொன்னார்கள்; ஊர் சொன்னது; பெயர் நிலைத்துவிட்டது.

இரவு நேரத்தில் அதே மண்டைக்காட்டுக் கடற்கரையில் நின்று மேலே பாருங்கள். நட்சத்திரங்கள் தெரியும். விடிவெள்ளி தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் லட்சக்கணக்கான சின்ன உலகங்கள் அங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் பெயர்கள் உண்டு. ஒன்றின் பெயர் சிவா. ஒன்றின் பெயர் விஷ்ணு. கணேசா என்றும் ஒன்று இருக்கிறது. ராமானுஜன் என்றும் இருக்கிறது!

இந்தப் பெயர்களை வைத்தது யார்?

பிள்ளை பிறந்தது, பெயர் என்ன?

பூமியைப் போலச் சூரியனைச் சுற்றி வருபவை கோள்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. அங்கே கல்லும் பாறையுமாகச் சுற்றுபவைதான் சிறுகோள்கள். சில, மலையைவிடப் பெரியவை. பல, ஒரு வீட்டளவுகூட இராது.

முதல் சிறுகோளைக் கண்டவர் பியாசி என்ற பாதிரியார். இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் இருந்தார். கண்ட நாள் 1801-ம் ஆண்டு ஜனவரி 1. புத்தாண்டுப் பரிசு!

அதற்குச் "சீரிஸ்" என்று பெயரிட்டார். சீரிஸ் என்பவள் ரோமானியரின் தானிய தேவதை; சிசிலித் தீவைக் காக்கும் தெய்வம். பியாசி அதோடு நிற்கவில்லை. தம் அரசர் பெர்டினாண்டின் பெயரையும் அதன் வாலில் ஒட்டினார். மற்ற நாட்டார் விடுவார்களா? "உங்கள் ராஜா உங்களுக்கு. வானத்துக்கு எதற்கு?" என்று வாலை வெட்டிவிட்டார்கள். சீரிஸ் மட்டும் நின்றது. (அது மிகப் பெரியது. இப்போது அதைக் "குறுங்கோள்" என்று தனி வகையில் சேர்த்திருக்கிறார்கள்.)

பிறகு வந்தவற்றுக்கும் தேவதைகளின் பெயர்களையே வைத்தார்கள். பெண் பெயர்தான் வைக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம்.

நுங்கம்பாக்கத்தில் பிறந்த "ஆசியா"

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் பெரிய பங்கு உண்டு.

நுங்கம்பாக்கத்தில் 1792-ம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வான ஆராய்ச்சிக் கூடம் கட்டினார்கள். அங்கே நட்ட கருங்கல் தூண் இன்றும் இருக்கிறது. அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது.

1861-ம் ஆண்டு அங்கே தலைவராக வந்து சேர்ந்தார் நார்மன் போக்சன் என்ற வெள்ளைக்காரர். வந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். ஏப்ரல் 17-ந் தேதி இரவு ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்துவிட்டார்!

எப்படிக் கண்டுபிடித்தார்? அப்போது வானத்தைப் போட்டோ பிடிக்கும் வழக்கம் வரவில்லை. கண்ணும் கையும்தான் துணை.

கொடை விழாவின்போது கடற்கரை மணலில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் மெள்ள நடந்துகொண்டே இருக்கிறார். ஒரு தடவை பார்த்தால் தெரியாது. சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்தால், "இவர் இடம் மாறிவிட்டாரே!" என்று தெரிந்துவிடும். வானமும் அப்படித்தான். நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதில்லை. சிறுகோள் மட்டும் நகரும். வானத்தின் ஒரு மூலையைப் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, இரவுக்கு இரவு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறதோ, அதுவே சிறுகோள்.

ஆசியாக் கண்டத்தில் இருந்து கண்ட முதல் சிறுகோள் அதுதான். அதனால் போக்சன் அதற்கு "ஆசியா" என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்திலும் ஆசியா என்று ஒருத்தி உண்டு. தேவதையின் பெயர் வேண்டும் என்ற வழக்கத்தையும் மீறவில்லை. தான் இருக்கும் மண்ணின் பெயரையும் விடவில்லை. கெட்டிக்காரர்தான்!

சென்னையிலிருந்து அவர் இன்னும் நான்கைக் கண்டார்: சாபோ, சில்வியா, கமிலா, வேரா. சாபோ, கிரேக்கப் பெண் கவி. வேரா என்றால் லத்தீன் மொழியில் "உண்மையானது" என்று பொருள்.

சில்வியாவின் கதை தனி. ரோமாபுரியைக் கட்டிய இரட்டைப் பிள்ளைகள் ரோமுலஸ், ரீமஸ். அவர்களுடைய தாயின் பெயர் ரேயா சில்வியா. போக்சன் 1866-ல் இந்தச் சிறுகோளைக் கண்டார். சுமார் 135 ஆண்டுகளுக்குப் பிறகு, சில்வியாவைச் சுற்றி ஒரு குட்டி நிலா இருப்பதை 2001-ல் கண்டார்கள். 2004-ல் இன்னொரு நிலாவும் அகப்பட்டது! தாய்க்கு இரண்டு பிள்ளைகள். பெயரைத் தேடி அலைய வேண்டுமா? ரோமுலஸ், ரீமஸ் என்றே வைத்துவிட்டார்கள்.

எழுத்து மட்டும் கிடைத்தவர்

அதே கூடத்தில் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிப்பதில் வல்லவர். 1867-ம் ஆண்டு, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் உறுப்பினரான முதல் இந்தியர் அவர்தான்.

அந்த நட்சத்திரத்துக்கு என்ன பெயர்? "ஆர் ரெட்டிகுலி". ஓர் எழுத்தும், அது இருக்கும் நட்சத்திரக் கூட்டத்தின் பெயரும். அவ்வளவுதான்! அந்த வகை நட்சத்திரங்களுக்கு எழுத்துத்தான் வைக்க வேண்டும் என்பது விதி. கண்டவருக்குப் பெயர் சூட்டும் உரிமை கிடையாது. சிறுகோளுக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு. அவர் ஒரு சிறுகோளைக் கண்டிருந்தால் என்ன பெயர் வைத்திருப்பார்? நினைத்துப் பார்க்கச் சுவையாகத்தான் இருக்கிறது.

ஐசிஸ் என்ற பெண்

போக்சன் சென்னைக்கு வருமுன்பு ஆக்ஸ்போர்டில் வேலை பார்த்தார். அங்கே 1856-ல் அவர் கண்ட சிறுகோளுக்கு "ஐசிஸ்" என்று பெயர். ஐசிஸ், எகிப்து நாட்டுத் தெய்வம். ஆக்ஸ்போர்டில் ஓடும் தேம்ஸ் நதிக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் பெயரைச் சொன்ன மேலதிகாரி ஜான்சன் மனதில் இருந்தது வேறு. போக்சனின் சின்ன மகள் பெயர் எலிசபெத் ஐசிஸ்! அப்போது அவளுக்கு வயது நான்குகூட நிரம்பவில்லை. அதற்குள் வானத்தில் பெயர் ஏறிவிட்டது.

அந்தக் குழந்தை தகப்பனாரோடு சென்னைக்கு வந்தாள். தாயார் 1869-ல் இறந்துவிட்டார். தம்பி தங்கைகளைப் பார்க்கும் பொறுப்பு ஐசிஸ் தலையில் விழுந்தது. 1873-ல் நுங்கம்பாக்கம் கூடத்திலேயே உதவியாளர் வேலை. கணக்குப் போடும் வேலை. சம்பளம் 150 ரூபாய். பிறகு சென்னை மாகாணத்தின் வானிலை அறிக்கைப் பொறுப்பும் அவரிடமே வந்தது. இருபத்தைந்து ஆண்டு உழைத்தார்.

1886-ம் ஆண்டு, மகளை ராயல் வானியல் சங்கத்தில் உறுப்பினராக்க வேண்டும் என்று தகப்பனார் பெயர் கொடுத்தார். சங்கத்தார் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அதில் உறுப்பினரைக் குறிக்கும் இடமெல்லாம் "அவன்" என்றே இருந்தது. "அவள்" என்று ஓர் இடத்திலும் இல்லை! அதனால் பெண்ணைச் சேர்க்க முடியாது என்று வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள்.

ஒரு சொல் குறுக்கே நின்றது. முப்பத்து நான்கு ஆண்டு நின்றது. 1920-ல்தான் ஐசிஸ் அம்மையாரைச் சங்கம் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 68-ஐ நெருங்கிவிட்டது. தகப்பனார் இறந்து 29 ஆண்டு ஆகியிருந்தது. வானத்தில் இருந்த ஐசிசோ அதற்குள் பதினாறு தடவைக்கு மேல் சூரியனைச் சுற்றி வந்துவிட்டது.

பூனைக்கு ஒரு கோள்!

இப்போது பெயர் வைப்பது எப்படி?

புதிதாக ஒன்று தென்பட்டதும் அதற்குத் தற்காலிக அடையாளம் தருவார்கள். முதலில் ஆண்டு, பிறகு எழுத்துக்கள். ஒரு வருஷத்தை 24 அரை மாதங்களாகப் பிரித்து, ஒவ்வோர் அரை மாதத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து வைத்திருக்கிறார்கள். அது ஓடும் பாதை சரியாகத் தெரிந்த பிறகே நிரந்தர எண் கிடைக்கும். அதற்குப் பல ஆண்டுகள்கூட ஆகும். எண் வந்த பிறகு, கண்டவர் பத்து ஆண்டுக்குள் ஒரு பெயரைச் சொல்லலாம். சர்வதேச வானியல் சங்கத்தின் குழு ஒன்று அதை ஆராய்ந்து முடிவு செய்யும்.

விதிகள் கண்டிப்பானவை. ஆங்கிலத்தில் எழுதினால் 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும். வாயில் நுழைய வேண்டும். யார் மனதையும் புண்படுத்தக் கூடாது. வியாபாரப் பெயர் கூடாது. அரசியல்வாதி, படைத்தலைவர் பெயர் என்றால் அவர் இறந்து நூறு ஆண்டு ஆக வேண்டும். (அரசர் பெயரை ஒட்டிய பியாசி இன்று இருந்தால் திண்டாடியிருப்பார்!) பூமிக்கு அருகே வருபவற்றுக்குப் புராணப் பெயர்தான். விஷ்ணு அப்படிப்பட்டது. 2029-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி பூமியை நெருங்கிக் கடந்து போகும் என்று கணித்திருக்கிற "அபோபிஸ்" என்பதும் எகிப்தியக் கதையில் வரும் இருட்டுப் பாம்பின் பெயரே.

வீட்டு வளர்ப்புப் பிராணிகளின் பெயர் வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது. 1971-ல் ஒரு சிறுகோளைக் கண்ட கிப்சன் என்பவர், அதற்கு "மிஸ்டர் ஸ்பாக்" என்று பெயர் வைத்தார். அது அவர் வீட்டுப் பூனையின் பெயர்! சங்கத்தார் முகம் சுளித்தார்கள். ஆனால் வைத்த பெயர் வைத்ததுதான். பூனை வானத்தில் ஏறிவிட்டது.

பெயருக்குக் காசு கிடையாது. "நட்சத்திரத்துக்கு உங்கள் பெயர் வைக்கிறோம்" என்று பணம் வாங்கிக்கொண்டு அழகான சான்றிதழ் அனுப்பும் வியாபாரம் வெளிநாடுகளில் நடக்கிறது. அந்தப் பெயரை எந்த வான ஆராய்ச்சிக் கூடமும் ஏற்பதில்லை. சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

ஈரோட்டிலிருந்து விண்ணுக்கு

போக்சன் 1885-ல் வேராவைக் கண்டதோடு சென்னையின் வேட்டை முடிந்தது. ஆராய்ச்சி வேலைகள் 1899-ல் கோடைக்கானலுக்குப் போய்விட்டன. சிறுகோள் பட்டியலில் நம் நாட்டுக்கு நீண்ட இடைவெளி.

1988-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி. ஜவ்வாது மலையில், காவலூர் தொலைநோக்கி நிலையம். ராஜமோகன் என்ற விஞ்ஞானி ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். அதற்கு ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜனின் பெயர் வைத்தார்கள். எண் 4130. ராமானுஜன் என்றால் 1729 என்ற எண் நினைவுக்கு வருமே, அதைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். வழியில்லை. அது வரிசைப்படி "பெரில்" என்ற வேறொரு சிறுகோளுக்கு முன்பே போய்விட்டது.

அதே 1988-ல் ஜப்பானியர் ஒருவர் கண்ட சிறுகோள் பல ஆண்டு பெயரில்லாமல் கிடந்தது. 2015-ல் அதற்கு "விஷிஆனந்த்" என்று பெயர் சூட்டினார்கள். ஆம்! நம் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த்தான். பெயர்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் சதுரங்கப் பிரியர் ஒருவர் இருந்தார். அவர் யோசனை அது.

எண் பெற்ற சிறுகோள்கள் ஏழு லட்சத்துக்கும் அதிகம். பெயர் பெற்றவை சுமார் 25 ஆயிரம்தான். மற்றவை வெறும் எண்ணோடு சுற்றுகின்றன. இன்று பள்ளிப் பிள்ளைகளும் தொலைநோக்கி எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, நகரும் புள்ளியைத் தேடுகிறார்கள்.

மனிதர் பெயர்தான் வேண்டும் என்பதில்லை. ஊர்ப் பெயரும் வைக்கலாம். "மண்டைக்காடு" என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பத்து அல்லது பதினோரு எழுத்து. 16-க்குள் அடங்குகிறது. கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும். அவ்வளவுதான்!