வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர் ஏன்?

ஓசூர் பக்கத்து மேட்டுநிலத்தில் மார்கழி விடியல் நடுக்கும். கெலமங்கலத்தில் அந்த நேரம் வெந்நீர்க் குழாயைத் திறந்தால், கீசர் நன்றாகச் சூடாகியும் வெதுவெதுப்பாகத்தான் வருகிறதா? கீசரைக் குறை சொல்லுமுன் குளியலறை மிக்சரைப் பாருங்கள்.

ஏன்? மிக்சருக்குள் வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு குழாய்களும் சந்திக்கின்றன. இரு குமிழ்களும் திறந்திருக்க, கைஷவரின் விசையை மட்டும் மூடினால் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பாயும். ஒற்றைக் கைப்பிடி மிக்சரில் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜின் ரப்பர் வளையம் தேய்ந்தாலும் இதே கதைதான்.

மொட்டைமாடித் தொட்டி குழாயைவிட 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது சுமார் அரை பார் அழுத்தம். பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் பிரஷர் பம்ப் வைத்தால் அது பல மடங்காகும். அப்போது பச்சைத் தண்ணீர் வெந்நீர் லைனில் ஏறும். சோலார் ஹீட்டரின் காற்றுக்குழாய் வழியே மாடியில் வழியவும் செய்யும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கீசர் சுவிட்சை அணையுங்கள். அதற்குத் தண்ணீர் போகும் வால்வை மூடி, சமையலறை வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சற்று நேரத்தில் நின்றால் சரி. ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ கலப்பு. ஒவ்வொரு மிக்சராக, அதன் ஆங்கிள் வால்வுகளை மூடிப் பாருங்கள். எதை மூடும்போது நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி.

தீர்வு: கார்ட்ரிட்ஜை மாற்றுவது, மிக்சருக்கு வரும் இரு லைனிலும் அம்புக்குறி பார்த்து நான்-ரிட்டர்ன் வால்வு போடுவது. வேலை முடிந்ததும் கீசர் வால்வைத் திறந்து, தண்ணீர் நிரம்பிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். கீசரின் பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்காதீர்கள். மிஞ்சிய அழுத்தம் அதன் வழியே வெளியேறியாக வேண்டும்.