பச்சையாகிப் போன நீச்சல் குளம்



சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் சிவகங்கைக் குளம் இருக்கிறதல்லவா? நம் ஊர்க் கோயில் குளங்களில் தண்ணீர் பெரும்பாலும் பச்சையாகத்தான் இருக்கும். யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆனால் கடலூரில் ஒரு வீட்டு நீச்சல் குளத்தைக் கோடை விடுமுறையில் கவனிக்காமல் விட்டால், அதுவும் பச்சையாகிவிடும். யார் சாயம் கரைத்தது?

சாயம் இல்லை, செல்லங்களே. அது பாசி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் கூடியதால் வந்த நிறம்.

அவை எப்படி உள்ளே வந்தன? காற்றில் பறந்து வரும். மழையோடு இறங்கும். ஏரியில் குளித்த ஈரத் துணியோடு குளத்தில் இறங்கினால் நம்மோடும் வரும். ஒரு பாசி ஒரு நாளில் இரண்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் நான்கு, அதற்கு மறுநாள் எட்டு. பத்தாம் நாள் எத்தனை? கணக்குப் போட்டாயிற்றா? 1024! கெட்டிக்காரப் பிள்ளைகள்.

பாசிக்கு வெயில் வேண்டும்; கடலூர் வெயிலுக்குக் குறைவேது? நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். உதிர்ந்த இலை, தூசி, வியர்வை எல்லாம் அவற்றைக் கொடுக்கும். குளத்துக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும் குறும்பர்களும் பாசிக்குச் சோறு போடுகிறார்கள். (நீங்கள் இல்லை, எனக்குத் தெரியும்!)

பாசியைத் தடுக்கக் குளோரின் போடுகிறோம். ஒரு லிட்டர் நீரில் 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் எப்போதும் இருக்க வேண்டும். 50,000 லிட்டர் குளத்துக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் மொத்தம் 100 கிராம். ப்ளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 30 பங்கு குளோரின் இருந்தால், ஏறக்குறைய 330 கிராம் பவுடர் தேவை. பழைய பவுடரில் வீரியம் குறைந்திருக்கும். அப்போது இந்தக் கணக்கு பொய்த்துவிடும். உச்சி வெயிலும் குளோரினைச் சீக்கிரம் சிதைத்துவிடும். அதனால் பொழுது சாய்ந்த பிறகு போடுவதுதான் புத்திசாலித்தனம்.

இதுவரை புரிந்ததா? இனிமேல்தான் வேடிக்கை.

சிலர் பவுடரைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். பச்சை போகாது. ஏன்? தண்ணீரின் அமில, காரத் தன்மையை பி.எச். என்ற எண்ணால் அளக்கிறோம். குளத்துக்கு 7.2 முதல் 7.8 வரை நல்லது. பி.எச். 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் பாதி, பாசியைக் கொல்லும் வலுவோடு இருக்கும். 8.5 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்குதான்! காற்றே இல்லாத நாளில் பட்டம் விடுவது போல: பட்டம் கையில் இருக்கும், ஆனால் ஏறாது.

இன்னொன்று சொல்கிறேன், கேளுங்கள். பாசி உணவு தயாரிக்கும்போது நீரிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. அதனால் பி.எச். தானாகவே ஏறுகிறது. தன்னைக் கொல்ல வரும் குளோரினைப் பாசியே சோர்வாக்கிவிடுகிறது! எனவே முதலில் பி.எச். அளந்து, ஆசிட் விட்டு இறக்க வேண்டும். பிறகுதான் வழக்கத்தைவிடப் பல மடங்கு குளோரின். அதற்கு முன் சுவரையும் மூலைகளையும் நன்றாகத் தேய்க்க வேண்டும். வழவழப்பான பாசிப் படலத்துக்குள் குளோரின் எளிதில் நுழையாது. இரவு முழுக்க வடிகட்டி ஓட வேண்டும். செத்த பாசி அடியில் தங்கினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். குளோரின் பழைய அளவுக்கு இறங்கும் வரை யாரும் குளிக்கக் கூடாது.

மயில்துத்தம் போட்டாலும் பாசி சாகும். ஆனால் அளவு மிஞ்சினால் சுவரில் கறை பிடிக்கும். எனக்கு அது பிடிக்காத வழி.

அப்படியானால் கோயில் குளத்திலும் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டலாமா? கூடவே கூடாது! மீன்கள் செத்துவிடும். அங்கே பாசி பல உயிர்களுக்கு உணவு. வீராணம் பாசனத்து நெல் வயல்களைப் போன்ற ஈர வயல்களில் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கித் தருகின்றன. பாசிகளை ஆராய்ந்தே உலகப் புகழ் பெற்றவர் சென்னையின் எம்.ஓ.பி. அய்யங்கார். ஃப்ரிட்சியெல்லா என்ற பாசியை 1932இல் உலகுக்கு அறிவித்தவர் அவர்தான்.

ஒரு எச்சரிக்கை. ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் நீங்கள் தொடவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும். அது பெரியவர்கள் கவனமாகச் செய்யும் வேலை.

உங்களுக்கு வேறு வேலை தருகிறேன். அப்பாவையோ அம்மாவையோ இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் கோயில் குளத்து நீர் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றை வெளிச்சமான ஜன்னலில் வையுங்கள், மற்றதை இருட்டு அலமாரியில் வையுங்கள். இரண்டு வாரம் தினமும் நிறத்தைக் குறித்து வாருங்கள். எது அதிகப் பச்சையாகிறது, ஏன் என்று எனக்கு எழுதுங்கள்.