செயல்சார் உடற்பயிற்சியாளர் தேர்வுக்கு ஆயத்தமாதல்

உடற்பயிற்சி என்றவுடன் தசைகளைத் திரளச் செய்தல், அல்லது ஆட்டக்களத்திற்கு உடலைப் பக்குவப்படுத்தல் என்பதே பலருடைய கருத்தில் எழும். செயல்சார் உடற்பயிற்சி இவ்விரண்டினின்றும் சற்று வேறுபட்டது. தரையிலிருந்து தானிய மூட்டையைத் தூக்குதல், நீர்க்குடத்தைச் சுமந்து படியேறுதல், பிறர் துணையின்றி நாற்காலியிலிருந்து எழுதல் ஆகிய அன்றாடச் செயல்களில் பல மூட்டுகளும் தசைகளும் ஒருங்கே இயங்குகின்றன. அவ்வியக்கங்களையே பயிற்சியாக அமைத்து, சுமையையும் வேகத்தையும் படிப்படியாக உயர்த்துவது இதன் முறையாகும்.

நம் நாட்டில் உடற்பயிற்சிக் கல்வி புதிதன்று. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, 1957இல் குவாலியரில் தோன்றிய லட்சுமிபாய் கல்லூரி, 1961இல் பாட்டியாலாவில் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு நிலையம் ஆகியவை நீண்ட காலப் படிப்பின் வாயிலாக ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்கி வந்துள்ளன. செயல்சார் பயிற்சிக்கான சான்றிதழ்த் தேர்வுகளோ பெரும்பாலும் சில நாட்கள் அல்லது சில வாரங்களே நீடிக்கும் வகுப்புகளை அடுத்து நடைபெறுபவை. ஆகவே முன்னாயத்தத்தின் சுமை தேர்வெழுதுபவர் தோளிலேயே விழுகிறது.

எழுத்துத் தேர்வின் பாடங்களுள் உடற்கூறும் உடலியங்கியலும் முதலிடம் பெறும். தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வது எளிது. எனினும் அதனால் விளையும் பயன் சிறிதே. ஓர் இயக்கத்தில் விசை எங்கு, எவ்வளவு தோன்றுகிறது என்பதைக் கணக்கிட்டறிதல் அதனினும் நன்று. எடுத்துக்காட்டாக, 20 கிலோகிராம் மூட்டை ஒன்றை ஒருவர் முன்புறம் ஏந்தியிருப்பதாகக் கொள்வோம். மூட்டையின் மையம் இடுப்பு முள்ளெலும்பிலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பின், அது உடலை முன்னோக்கிக் கவிழ்க்கும் திருப்புத்திறன் ஏறத்தாழ 39 நியூட்டன் மீட்டர். அத்தொலைவு 40 சென்டிமீட்டராயின் அது 78 ஆகிவிடும். இதனை எதிர்த்து நிற்கும் முதுகுத் தசைகள் முள்ளெலும்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே இழுக்கின்றன. எனவே முதல் நிலையில் அவை 80 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையையும், இரண்டாம் நிலையில் 160 கிலோகிராமுக்கு நிகரான விசையையும் செலுத்தியாக வேண்டும். குனிந்திருக்கும் மேலுடலின் எடை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. மூட்டையை உடலோடு அணைத்துத் தூக்குக என்று பயிற்சியாளர் கூறுவதன் காரணம் இதுவே. இக்கணக்கை ஒருமுறை தாமே செய்து பார்த்தவர், பளு தூக்கும் முறை குறித்து எவ்வினா வரினும் தடுமாறார்.

அடுத்து, தசைகளுக்கு ஆற்றல் கிட்டும் வழிகள். ஏறத்தாழப் பத்து விநாடி நீடிக்கும் உச்ச முயற்சிக்குத் தசையில் முன்னரே சேமிக்கப்பட்டுள்ள பாஸ்பேட் சேர்மங்கள் பெரிதும் உதவும். ஓரிரு நிமிட முயற்சியில் ஆக்சிஜன் துணையின்றிச் சர்க்கரை சிதையும் வழி முந்தி நிற்கும். அதற்கு மேற்பட்டால் ஆக்சிஜன் வழியே தலைமையானது. இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடும் கதவுகள் அல்ல. எப்போதும் மூன்றும் இயங்குகின்றன. அவற்றின் பங்கு மட்டுமே மாறுகிறது. இத்துடன் ஒரு பழைய பிழையையும் களைதல் வேண்டும். பயிற்சிக்கு மறுநாள் தோன்றும் தசைவலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என இன்றும் சில குறிப்பேடுகள் கூறுகின்றன. அப்பொருளோ பயிற்சி முடிந்த ஓரிரு மணி நேரத்திற்குள் இரத்தத்தினின்று நீங்கிவிடுவது. பழக்கமில்லாத பளுவைத் தாங்கித் தசை நீளும்போது அதன் இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும், அதைத் தொடரும் அழற்சியுமே ஒன்று முதல் மூன்று நாட்களில் உச்சமடையும் அவ்வலிக்குக் காரணமெனக் கருதப்படுகிறது.

எண்களைக் கையாள்வதிலும் எச்சரிக்கை தேவை. ஒருவருடைய இதயத்துடிப்பின் உச்ச அளவை அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் முறை பரவலாக வழங்குகிறது. 2001இல் தனாகாவும் அவருடைய குழுவினரும், வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கும் சூத்திரத்தை வெளியிட்டனர். நாற்பது வயதினருக்கு இரண்டும் 180 என்றே விடை தரும். அறுபது வயதினருக்கோ பழைய முறை 160 எனவும், புதியது 166 எனவும் காட்டும். இரண்டுமே சராசரிகள், தனி மனிதரிடம் பத்துத் துடிப்புகளோ அதற்கு மேலுமோ வேறுபடுதல் இயல்பு. ஆகவே பயிற்சி பெறுபவர் இயல்பாகப் பேச முடிகிறதா என்று கவனிப்பது, கருவியில்லாத சிற்றூர்ப் பள்ளியில் பெரிதும் உதவும் சோதனையாகும்.

ஜப்பானியரான இசுமி தபாதா குழுவினரின் 1996ஆம் ஆண்டு ஆய்வும் வினாத்தாள்களில் இடம்பெறக்கூடியது. இருபது விநாடி கடும் முயற்சி, பத்து விநாடி ஓய்வு என ஏழெட்டு முறை செய்வித்த அவ்வாய்வில் ஈடுபட்டோர், ஏற்கெனவே உடற்பயிற்சியில் பழகிய இளைஞர்கள்; பயன்பட்ட கருவி நிலையான மிதிவண்டி. இவ்விரு செய்திகளையும் விட்டுவிட்டு, அதே முறையை முதல்நாள் வந்த ஐம்பது வயதினர்மீது ஏவுவோர் உளர். ஆய்வின் பெயரை அறிந்து அதன் வரம்பை அறியாமையால் வரும் கேடு இது.

முதலுதவிப் பகுதியைக் கடைசி நாளுக்கு ஒதுக்கிவைப்பது பலருடைய வழக்கம். உயிரோடு தொடர்புடையது அதுவே. நீண்ட விடுமுறை கழிந்து வரும் மாணவனை, தண்டனையாகவோ ஆர்வ மிகுதியாலோ, முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கி போடச் செய்தால் தொடைத் தசைகள் பெருமளவு சிதையக்கூடும். அதிலிருந்து கசியும் மயோகுளோபின் சிறுநீரகத்தைத் தாக்கும். அளவுக்கு மீறிய வலி, வீக்கம், தேநீர் போன்ற கருஞ்சிவப்புச் சிறுநீர் ஆகியவை இதன் அறிகுறிகள். வீட்டு வைத்தியத்தில் காலம் போக்காது உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். வெப்பத்திற்கு உடல் பழகுவதற்கும் ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். கோடையில் புதியவருடைய பயிற்சியை அதற்கேற்பக் குறைத்தே தொடங்குதல் வேண்டும். இதயம் நின்றவருக்கு மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, வயது வந்தோராயின் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டும் என்பதைக் கையே அறியுமாறு பொம்மையின்மீது பழகுக.

படிக்கும் முறை பற்றியும் ஒரு செய்தி. 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் நடத்திய சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தோர் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, புத்தகத்தை மூடி நினைவுகூர்ந்து எழுதியோரே அதிகம் நினைவில் வைத்திருந்தனர். ஆகவே பாடம் ஒவ்வொன்றையும் படித்தபின் ஏட்டை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்தல் பயனளிக்கும்.

செய்முறைத் தேர்வில் சோதிக்கப்படுவது தேர்வெழுதுபவரின் உடல்வலிமை மட்டுமன்று. பிறருடைய இயக்கத்தில் குறைகாணும் கண்ணும் சோதிக்கப்படும். உடன்பணியாற்றுவோர் நால்வரைப் பஸ்கி போடச் சொல்லி, முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நோக்குக. குதிகால் எழும்புகிறதா, முழங்கால் உட்புறம் சாய்கிறதா, முதுகு வளைகிறதா என்று பார்த்து, முதன்மையான குறை ஒன்றை மட்டும் ஒரே சொற்றொடரில் திருத்துக. மூன்று குறைகளை ஒருசேரக் கூறினால் கேட்பவர் எதையும் திருத்தமாட்டார். முதியோரையும் இப்பழக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கைகளை மார்பின்மீது கட்டிக்கொண்டு, 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியிலிருந்து 30 விநாடிகளில் எத்தனை முறை எழுந்தமர்கிறார் என எண்ணுவது எளிய சோதனை. நாற்காலி பின்னோக்கி நகராதபடி அதனைச் சுவரோடு ஒட்டி வைத்தல் அவசியம்.