துப்பாக்கி பறிபோகும் என்ற அச்சம்

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் உலக வர்த்தக மையம் தகர்க்கப்பட்டபோது அந்நகரக் காவல்துறையினர் 23 பேர் மாண்டனர். எஞ்சியோருக்குப் பணி அன்றோடு முடிந்துவிடவில்லை. இடிபாடுகள் ஸ்டேட்டன் தீவின் ஃபிரெஷ் கில்ஸ் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுசெல்லப்பட, 2002 கோடை வரை துப்பறிவாளர்கள் கன்வேயர் பட்டைகளின் அருகே நின்று, எலும்புத் துண்டு, மோதிரம், அடையாள அட்டை எனத் தேடிப் பொறுக்கினர்.

இத்தகைய அனுபவத்திற்குப் பின் அக்காட்சிகள் அழைக்காமலே மீண்டும் மீண்டும் மனத்தில் எழுவதும், அவற்றை நினைவூட்டும் இடங்களை ஒதுக்குவதும், மனம் மரத்துப்போவதும், சிறு ஓசைக்கும் துணுக்குறுவதும் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அதனை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் என்பர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலை கவனம் பெற்ற பின்னர், 1980-இல் இது அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் இடம்பெற்றது; குழந்தைகள் மீதான கொடுமைகளின் விவரங்களைத் தொழில்நிமித்தம் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளும் காவலரும் இதற்கு ஆளாகலாம் என்பதை 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு வெளிப்படையாக ஏற்றது.

நியூயார்க் பேரிடரில் பணியாற்றிய காவலர்களிடையே 2003-04-இல் 7.8 விழுக்காட்டினரிடம் காணப்பட்ட இந்நோயின் அறிகுறிகள், 2006-07-இல் 16.5 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன. காலம் ஆற்றும் என்ற நம்பிக்கைக்கு மாறாக எண்ணிக்கை இருமடங்கானதற்குக் காரணம் ஒன்றல்ல. எனினும், உளநலக் குறையை ஒப்புக்கொண்டால் துப்பாக்கியை ஒப்படைத்து மேசைப் பணிக்குச் செல்ல நேரும், சகாக்களின் ஏளனத்திற்கும் ஆளாக நேரும் என அஞ்சுகிறவர் தொடக்கத்தில் வாய்திறக்கத் தயங்குவது இயல்பே. சம்பவ இடத்தில் காவலர்கள் பரிமாறிக்கொள்ளும் கரிய நகைச்சுவை, வெளியாருக்கு இரக்கமின்மையாகத் தோன்றினும், அந்நேரத்தைக் கடக்க உதவக்கூடும். மதுவும் மௌனமுமோ நோயை ஆழப்படுத்துகின்றன.

77 ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் வெளியான பகுப்பாய்வு, அதிர்ச்சிக்குப் பின் கிட்டும் சமூக ஆதரவின் குறைவை, அதாவது குடும்பத்தினரும் நண்பரும் சகாக்களும் துணைநிற்காமையை, இந்நோய்க்கான வலுவான காரணிகளுள் ஒன்றாகக் கண்டது. ஆயினும் ஆதரவு எந்த வடிவிலும் பயன்தரும் என்பதில்லை: நிகழ்வு நடந்தவுடன் அனைவரையும் அமர்த்தி ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்லவைக்கும் முறை, பரவலாகக் கையாளப்பட்டபோதிலும், நோயைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. நியூயார்க்கில் காவலர் தற்கொலைகளைத் தொடர்ந்து 1996-இல் தோன்றிய சகாக்கள் உதவி அமைப்பு வேறு வழியில் சென்றது. அதில் பயிற்சி பெற்ற காவலர்களே தன்னார்வலர்களாகச் செவிமடுக்கின்றனர், தேவைப்பட்டால் உளவியல் சிகிச்சைக்கு வழிகாட்டுகின்றனர், அமைப்பும் துறையின் ஆளுகைக்கு வெளியே நிற்கிறது.