காணி வழக்கும் சட்டத்தரணியும்: தென்னந்தோட்டக்காரர் கவனிக்க வேண்டிய காலங்கள்

சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள கரையோரத்தில் தென்னங்காணிகள் பல இன்றும் பாட்டன் பெயரிலுள்ள உறுதியைக் கொண்டே ஆளப்பட்டு வருகின்றன. தகப்பன் இறந்தபின் மக்கள் காணியைப் பிரிக்காமல் விட்டுவிடுகின்றனர். மூத்தவர் காணியில் இருந்து வேலி அடைக்கிறார், பசளை இடுகிறார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேங்காய் பறிப்பிக்கிறார். மற்றவர்களுக்குச் சில காலம் பங்கு போய்ச் சேரும். பின்னர் அது நின்றுவிடும். காணி யாருடையது என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

பதினொருவர் கூட்டாக உடைய காணியாயினும், பத்தாண்டு தனித்து ஆண்டவனுக்கே அது சொந்தம் என்ற எண்ணம் கிராமங்களில் பரவியிருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் பத்தாண்டு என்ற கணக்கு உள்ளது உண்மையே. ஆனால் அந்த ஆட்சி சொந்தக்காரனின் உரிமைக்கு மாறானதாக, இடையூறின்றி நடந்திருத்தல் வேண்டும். கூட்டுச் சொந்தக்காரர் விடயத்தில் இதன் பொருள் என்ன என்பதைத் தெளிவாக்கிய வழக்கு இக்கரையோரத்தில், சிலாபத்தில் எழுந்தது. கொரியா எதிர் இசெரிஸ் அப்புஹாமி என்னும் அவ்வழக்கில், இறந்த சகோதரனின் காணியை இசெரிஸ் நெடுங்காலம் தனியே ஆண்டு வந்தார். ஏனைய உரித்தாளரின் பங்குகளைக் கொரியா விலைக்கு வாங்கி வழக்குத் தொடுத்தார். வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1911இல் முடிவு கண்டது. கூட்டுச் சொந்தக்காரன் ஒருவனின் ஆட்சி மற்றவர்களின் ஆட்சியுமாகும் என்றும், மனத்துள் மறைவாகக் கொண்ட எண்ணத்தால் அது மாறிவிடாது என்றும், மற்றவர்களை வெளியேற்றியதற்கு ஒப்பான செயல் இருத்தல் வேண்டும் என்றும் மாக்நாட்டன் பிரபு தீர்ப்பளித்தார்.

ஆகவே ஊரை விட்டுப்போன தங்கையின் பங்கு அழிந்துவிடவில்லை. எனினும் அவள் நிம்மதியாக உறங்கிவிடவும் கூடாது. 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கில், நெடுங்காலத் தனியாட்சியோடு வேறு சூழ்நிலைகளும் சேருமிடத்து வெளியேற்றம் நிகழ்ந்ததாக ஊகிக்கலாம் என்று உயர் நீதிமன்றம் கூறியது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே ஒரு குடும்பத்தின் காணி எப்பக்கம் நிற்கிறது என்பதை வேலியருகே நின்று வாதாடித் தீர்க்க இயலாது. பங்கு வருவது நின்ற ஆண்டிலேயே, உறுதிகளையும் மரண அத்தாட்சிப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியைக் காண்பது நன்று. பங்கு கொடுத்த காலத்துப் பற்றுச்சீட்டோ கடிதமோ இருப்பின் அதையும் எறிந்துவிடாது கொண்டு செல்க.

வலிந்து வெளியேற்றப்பட்டவருக்குக் காலம் இன்னும் குறுகியது. தேங்காய் பறிக்கச் சென்றவரை ஒருவர் தடுத்துத் துரத்தினார் எனக் கொள்வோம். அடுத்த பறிப்பு வரை பார்ப்போம் என்று அவர் பொறுத்திருந்தால் இரண்டு மாதம் கழிந்துவிடும். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி, அமைதிக்குப் பங்கம் நேரக்கூடிய காணிப் பிணக்கில் முறைப்பாடு நீதிமன்றில் தாக்கலாகும் நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துள் வெளியேற்றப்பட்டவரே மீண்டும் ஆட்சி பெறத்தக்கவர். பொலிசார் வழக்கை முன்வைக்காவிடின் சத்தியக் கடதாசியுடன் தாமே செல்லலாம். அது தவறினால் மாவட்ட நீதிமன்றில் ஆட்சியை மீட்கும் வழக்குக்கு ஓராண்டு உண்டு. அதுவும் கழிந்தால் உரித்தை நிரூபித்தே காணியைப் பெறவேண்டும். அது நீண்ட வழி.

பிரிவினை வழக்கின் அழைப்பாணை வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வரும் இறுதித் தீர்ப்பு மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக எல்லோரையும் கட்டுப்படுத்தும். நில அளவையாளர் சங்கிலி பிடித்து வரும் நாளில் காணியில் நின்று, தாம் நட்ட மரங்கள், கிணறு, வீடு எவை என்று காட்டுதல் வேண்டும். தென்னை காய்க்க ஆறேழு ஆண்டு செல்லும். அத்தனை ஆண்டு நீர் ஊற்றியவர் அன்று சந்தைக்குப் போய்விடுதல் பேதைமை. எனினும் நட்டவர் என்பதனால் மண் முழுவதும் அவருடையதாகிவிடாது. தம் பங்கு இயன்றவரை தம் நடுகை நிற்கும் பக்கத்தில் அமையவேண்டும் என்றோ, நட்டதற்கு ஈடு வேண்டும் என்றோ கேட்கலாம்.

பங்கு எவ்வளவு என்பதும் எல்லோருக்கும் ஒன்றல்ல. பொதுச் சட்டப்படி இறந்தவரின் துணைக்கு அரைவாசியும் பிள்ளைகளுக்கு மற்ற அரைவாசியும் சேரும். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொருந்தும். மகளுக்குப் பங்கே இல்லை என்று பேசுவோர் இவற்றுள் எதையும் படித்தவரல்லர்.

காணி வாங்குவோரும் ஈடு பிடிப்போரும் முத்திரை ஒட்டிய கைச்சீட்டை நம்பிப் பணம் கொடுத்துவிடுகின்றனர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனையும் ஈடும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும். எழுதியபின் காணிப் பதிவகத்தில் பதிதலும் அவசியம். பிந்தி எழுதிய உறுதி நேர்மையாக முந்திப் பதிவானால் அது மேலோங்கக்கூடும். முற்பணம் கொடுக்குமுன் பதிவேட்டைத் தேடுவித்தால் சட்டத்தரணிக்குச் செல்லும் கூலி சிறிதே. வழக்கு வந்தபின் செலவு அவ்வாறன்று.

சட்டத்தரணி வேண்டாத இடமும் உண்டு. மாடு பயிரை மேய்ந்தது, சிறு தொகைக் கடன் போன்றவை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைக்கு உரியவை. அங்கே கட்சிக்காரர் தாமே பேசவேண்டும், சட்டத்தரணிக்கு இடமில்லை. இணக்கம் ஏற்படாவிடின் அதற்குரிய சான்றிதழைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றம் செல்லலாம். வயல்வரம்பு, வாய்க்கால் விடயங்களுக்குக் கமநல சேவை நிலையம் முதலில் நாடத்தக்கது.

முன்னாளில் அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் இருவரை அமர்த்த வேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டின் சட்டத்தால் அவ்வேறுபாடு நீங்கியது. இப்போது ஒருவரே போதும். கூலி கொடுக்க இயலாதவர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். செல்லும்போது தேசிய அடையாள அட்டை, வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தர் சான்று, உறுதிகளின் பிரதிகள், நீதிமன்றிலிருந்து வந்த கடிதம் அதன் உறையோடு ஆகியவற்றை எடுத்துச் செல்க.