கட்டில் கட்டிலாகப் போன குட்டி டாக்டர்!

குட்டீஸ்... மருத்துவமனை வார்டுக்குள் நாய் நுழைந்தால் என்ன செய்வார்கள்? 'சூ... சூ...' என்று விரட்டுவார்கள் இல்லையா? ஆனால், 1944ல் நியூகினி தீவில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில், நர்சுகளே ஒரு நாயைத் தூக்கிக் கொண்டு கட்டில் கட்டிலாகப் போனார்கள். அதன் பெயர், ஸ்மோக்கி!

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. காட்டில் ஒரு பதுங்கு குழிக்குள் கிடந்த இந்த யார்க்ஷயர் டெரியர் நாயை, அமெரிக்க வீரர் ஒருவர் கண்டெடுத்தார். ஜப்பானியர் வளர்த்ததோ என நினைத்து, ஜப்பானிய மொழியில் கட்டளையிட்டுப் பார்த்தனர், அதற்குப் புரியவில்லை. ஆங்கிலமும் புரியவில்லை! சீட்டாடக் காசு தேவைப்பட்ட வீரர் ஒருவர், அதை இரண்டு ஆஸ்திரேலிய பவுண்டுக்கு விற்றார். வாங்கியவர், பில் வின் என்ற இளம் வீரர். நாயின் எடை 2 கிலோ கூட இல்லை. உயரம் 7 அங்குலம். உங்கள் ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை விட ஓர் அங்குலம் தான் அதிகம்!

பில் வின்னுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. அவரைப் பார்க்க ஸ்மோக்கியை நண்பர்கள் கொண்டு வந்தனர். அதைப் பார்த்த நர்சுகள், 'காயம்பட்டு வந்திருப்பவர்களிடமும் காட்டலாமா?' என்று கேட்டனர். மருத்துவமனைத் தலைவர் டாக்டர் சார்லஸ் மேயோவும் அனுமதித்தார். பகலில் வீரர்களைப் பார்ப்பது, இரவில் பில் வின்னின் கட்டிலில் தூங்குவது... இது தான் ஸ்மோக்கியின் 'டூட்டி'!

குண்டு வெடிப்பதையும், நண்பன் சாவதையும் நேரில் பார்த்தவர்களுக்கு, உடல் காயம் ஆறினாலும் மனக்காயம் லேசில் ஆறாது. பட்டாசுச் சத்தத்துக்கே நடுங்குவார்கள். தூக்கத்தில் அலறி எழுவார்கள். இதைக் கோழைத்தனம் என்று சிரிக்கக் கூடாது. ஆபத்து போன பிறகும், மூளை தன் எச்சரிக்கை மணியை நிறுத்தாமல் அடிக்கிறது, அவ்வளவு தான். வெள்ளத்திலும் தீயிலும் தப்பிய சிறுவர்களுக்கும் இப்படி நேரலாம்.

இங்கே நாய் என்ன செய்யும்? 'என்ன நடந்தது, சொல்லு' என்று துளைக்காது. பேசாமல் வந்து மடியில் படுக்கும். தடவத் தடவ, படபடப்பு குறையும். நாயும், அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டிருந்தால், இருவர் உடலிலும் 'ஆக்சிடோசின்' என்ற ஹார்மோன் கூடுவதை, 2015ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். தாய்க்கும் குழந்தைக்கும் பாசம் வளர உதவும் அதே ஹார்மோன்! அதோடு, நாயை நடக்கக் கூட்டிப் போக வேண்டுமே... அறைக்குள்ளேயே முடங்கிக் கிடப்பவரும் வெளியே வந்து தானே ஆக வேண்டும்!

அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கு என்றே நாய்களைப் பழக்குகின்றனர். எஜமானர் கெட்ட கனவில் புரண்டால், மூக்கால் தள்ளி எழுப்பும். கூட்டத்தில் அவருக்குப் பின்னால் காவலாக நிற்கும். டாக்டரின் சிகிச்சையும் கூடவே நடக்கும். நாய் மட்டுமே மருந்தல்ல. (அதற்காக, தெருவில் தூங்கும் நாயைப் போய்க் கட்டிப் பிடித்து விடாதீர்கள்!)

போர் முடிந்ததும், பில் வின்னுடன் அமெரிக்கா போன ஸ்மோக்கி, அங்கேயும் மருத்துவமனைகளுக்குப் போய் வேடிக்கை காட்டியது. கண்ணைக் கட்டிக் கொண்டு கயிற்றில் கூட நடக்கும்! 1957ல் தூக்கத்திலேயே இறந்தது. கிளீவ்லாந்து நகருக்கு அருகே அதைப் புதைத்த இடத்தில், 2005ல் வெண்கலச் சிலை வைத்தனர். ராணுவ வீரரின் ஹெல்மெட்டுக்குள் ஸ்மோக்கி உட்கார்ந்திருக்கிறது. ஹெல்மெட்டில் இன்னும் இடம் மிச்சம் இருக்கிறது!